சட்டம் ஒட்டாவாவில், காத்திருப்பு வெள்ளவத்தையில்

2007 ஜூன் 7, வியாழக்கிழமை அதிகாலை. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பகுதிகளில் லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸாரும் படையினரும் தட்டினார்கள். தூக்கம் கலையாமல் எழும்பி வந்தவர்களுக்குச் சாமான்களைக் கட்டக் கொஞ்ச நேரமே கிடைத்தது. வெளியே பஸ்கள் நின்றன. முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருந்த தாய்மாரும் உட்பட 376 தமிழர்கள் அவற்றில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தக்க காரணமில்லாமல் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இந்த வெளியேற்றத்தை நிறுத்தியது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அந்த லொட்ஜுகளில் தங்கியிருந்த பலரிடம் காரணம் இருந்தது. ஒருவர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு நின்றார். இன்னொருவருக்குத் தூதரகத்தில் நேர்முகம் இருந்தது. வேறொருவர் கல்ஃப் வேலைக்கு மருத்துவப் பரிசோதனை முடித்திருந்தார். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து சேர்வதே பெரும் பாடாக இருந்தது. வந்தவர் வேலை முடியும்வரை திரும்பிப் போக முடியாது. கனடாவோ பிரித்தானியாவோ தன் வீசா நடைமுறையை ஒரு மாதம் நீட்டினால், கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் இன்னும் ஒரு மாத அறை வாடகையைத் தேட வேண்டியிருந்தது.

போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் இந்தத் தொடர்பு அறவில்லை. உலகின் எந்தத் தலைநகரில் குடிவரவுச் சட்டம் மாறினாலும் அதன் பலனை வெள்ளவத்தையும் (கொழும்பு 6) கொட்டாஞ்சேனையும் (கொழும்பு 13) சில வாரங்களுக்குள் அனுபவிக்கின்றன.

காத்திருக்கும் இரண்டு ஊர்கள்

வடக்கு கிழக்கிலிருந்து வருபவர் கொழும்பில் தங்க வேண்டியிருந்ததற்கு முதல் காரணம் அரச நிர்வாகம். தூதரகங்களும் வீசா விண்ணப்ப நிலையங்களும் இங்கே இருந்தன. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகமும் இங்கேதான் இருந்தது, பிறகு பத்தரமுல்லைக்கு மாறியது. வவுனியாவில் ஒரு பிராந்திய அலுவலகம் இருந்தும், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது 2025 செப்டெம்பர் 1ஆம் திகதியில்தான்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலும் அதிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் இந்தக் காத்திருப்பை நம்பி ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், போட்டோ பிரதிக் கடை, ஐ.ஈ.எல்.டி.எஸ். வகுப்பு, மாணவர் வீசா ஆலோசகர் என்று பலகைகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒரு விண்ணப்பதாரரின் கோப்பைத் திறந்தால் பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், விவாகச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், வங்கிக் கூற்று, பொலிஸ் கிளியரன்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றில் பாதிக்குக் காலாவதித் திகதி உண்டு. கனடாவின் குடியேற்ற மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்கே செல்லும். அதற்குள் முடிவு வராவிட்டால் திரும்பவும் பரிசோதனை, திரும்பவும் கட்டணம். ஒட்டாவாவில் கோப்புகள் தேங்குவதன் விலை இப்படித்தான் கொழும்பில் ரூபாயாக அறவிடப்படுகிறது.

கொட்டாஞ்சேனையின் காத்திருப்பு வேறுவிதமானது. துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் அடுத்த இந்தப் பகுதியில் யாழ்ப்பாணத்தாரோடு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன. அந்தச் சமூகம் குடிவரவுச் சட்டத்தின் கூர்மையை எந்த வெளிநாட்டுக்கும் போகாமலே அறிந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும் என்று தலைக்கணக்கில் பிரித்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். இடையில் கழிந்தவை 55 ஆண்டுகள்.

1985இல் சாத்தப்பட்ட முதல் கதவு

1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு தமிழர்கள் பெருமளவில் வெளியேறியபோது பிரித்தானியாவுக்குள் நுழைய இலங்கையருக்கு முன்கூட்டிய வீசா தேவைப்படவில்லை. 1985 மே மாதம் அது மாறியது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்குப் பிரித்தானியா வீசா விதித்தது அதுவே முதல் தடவை. 1987இல் உரிய ஆவணமின்றிப் பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்ற சட்டமும் சேர்ந்தது. அதோடு எல்லைச் சோதனை லண்டன் ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கவின் செக்-இன் கவுண்டருக்கு நகர்ந்தது. உயிருக்குப் பயந்து ஓடுபவரின் புகலிடக் கோரிக்கையைக் கேட்கும் பொறுப்பில்லாத விமான நிறுவன ஊழியர், அவர் பயணம் செய்யலாமா என்று தீர்மானிப்பவரானார்.

பணம் வாங்கி ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரரின் காலம் அங்கேதான் வேர்விட்டது. நேர்வழியில் ஒரு டிக்கெட்டோடு போகக்கூடியதாக இருந்த பயணம், மாற்றுக் கடவுச்சீட்டு, மூன்றாம் நாட்டு விமான நிலையம், மாதக்கணக்கான இடைத்தங்கல் என்று நீண்டது. வெளியேறுவதற்கான காரணம் அப்படியே இருந்தது. வழியும் விலையும் ஆபத்தும்தான் மாறின. அடுத்த நாற்பது ஆண்டுகளிலும் ஒவ்வொரு நாடும் இதே பாடத்தை மறுபடி மறுபடி நடத்திக் காட்டியிருக்கிறது.

கனடா முதலில் வேறு முகம் காட்டியது. அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் புகலிடம் கோருபவரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அரசு அவர்களுக்குத் தங்கியிருக்க அனுமதி கொடுத்தது. இன்று ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழ்ச் சமூகம் அந்தக் காலக் கொள்கையின் விளைச்சல்.

அதே கனடாவுக்கு 2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்திறங்கியபோது காற்று திரும்பியிருந்தது. பெரும்பாலானவர்கள் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2012இல் நிறைவேறிய சட்டம், அரசு குறித்துக்காட்டும் கூட்டு வருகையில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குக் கட்டாயத் தடுப்பு என்றது. அகதியென்று ஏற்கப்பட்ட பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது என்றது. நிரந்தர வதிவிடம் இல்லாவிட்டால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கே விதிக்கப்பட்ட இந்தத் தண்டனையைச் சுமக்க வேண்டியவர்கள் கொழும்பிலோ தமிழகத்திலோ தனித்திருக்கும் குடும்பத்தினர்.

ஜூலை 19: ஒரு நாள் வித்தியாசம்

2012ஆம் ஆண்டில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட இலங்கையர் படகில் அவுஸ்திரேலியாவைச் சென்றடைந்தார்கள். நீர்கொழும்பு, சிலாபம், திருகோணமலைக் கரைகளிலிருந்து மீன்பிடி ட்ரோலர்கள் புறப்பட்டன. 2013 ஜூலை 19ஆம் திகதி பிரதமர் கெவின் ரட், இனிமேல் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள், பப்புவா நியூகினிக்கு அனுப்பப்படுவார்கள் என்று அறிவித்தார். 18ஆம் திகதி கரை தொட்டவருக்கு ஒரு வாழ்க்கை, 19ஆம் திகதி தொட்டவருக்கு இன்னொன்று. கடலில் இயந்திரம் பழுதாகி ஒரு நாள் தாமதித்த படகிலிருந்தவரின் துன்பக் கதை, முதல்நாள் போய்ச் சேர்ந்தவரின் கதையிலிருந்து எந்த வகையிலும் குறைந்ததில்லை.

அந்த செப்டெம்பரில் ஆட்சிக்கு வந்த அடுத்த அரசு படகுகளைக் கடலிலேயே திருப்பத் தொடங்கியது. நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காகக் கொழும்புக்கு வந்த பிரதமர் டோனி அபட், ஆட்கடத்தலைத் தடுக்க இலங்கைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களைக் கொடுப்பதாக அறிவித்தார். அந்த மாநாட்டின் பெரும் பேச்சாகப் போர்க்கால மனித உரிமை மீறல்கள் இருந்ததை வைத்துப் பார்த்தால், ஒரு நாட்டின் குடிவரவுக் கொள்கை அதன் வெளியுறவுக் குரலையும் எவ்வளவு தணிக்கும் என்பது விளங்கும்.

2014 ஜூலையில் 41 பேர் நடுக்கடலில் சுருக்கமாக விசாரிக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அதே நேரம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்கள் அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பலொன்றில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைக்கப்பட்டார்கள். அது சட்டபூர்வமானதென்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

முன்பு வந்து சேர்ந்தவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. தற்காலிக வீசாக்களில் பத்து ஆண்டுகளை ஓட்டியவர்கள் உண்டு. அந்த வீசாக்களில் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. வெள்ளவத்தை அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்த மனைவி, தந்தையைக் கைபேசித் திரையில் மட்டும் கண்ட பிள்ளை என்ற அமைப்பு பல குடும்பங்களுக்கு வழக்கமானது. 2023 பெப்ரவரியில் ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிட வழியை அரசு திறந்தது. கேஸ் ரிஜெக்ட் ஆனவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை.

> பெட்டிச் செய்தி: வழிமாறிய படகுகள்
>
> அவுஸ்திரேலிய வழி அடைபட்ட பின்னர் பயணங்கள் இன்னும் நீண்டன. 2021 ஒக்டோபரில் கனடாவுக்குப் புறப்பட்டதாகச் சொன்ன 89 தமிழர்களின் படகு இந்து சமுத்திரத்தில் பழுதடைந்து, அவர்கள் பிரித்தானிய ஆட்சிப்புலமான டியேகோ கார்சியா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2024 டிசெம்பரில்தான் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்கு எடுக்கப்பட்டார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்ற தீர்ப்பும் அதே மாதம் வந்தது.
>
> 2022 நவம்பரில் மியன்மாரிலிருந்து கனடா நோக்கிப் புறப்பட்ட லேடி ஆர்3 கப்பலில் 303 இலங்கையர் தத்தளித்தார்கள். ஜப்பானியக் கப்பலொன்று அவர்களை மீட்டு வியட்நாமில் இறக்கியது.

பத்தொன்பதா, இருபத்திரண்டா?

படகுகள் தலைப்புச் செய்தியாகின்றன. வெள்ளவத்தையில் கூடுதலான குடும்பங்களைத் தொட்டவை தலைப்பாகாத சிறிய விதிகளே.

கனடாவின் குடும்ப ஒன்றிணைவில் தங்கிவாழும் பிள்ளையின் வயதெல்லை நெடுங்காலம் 22க்குக் கீழ் என்று இருந்தது. முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் இடமுண்டு. 2014 ஓகஸ்ட் 1இல் அதை 19க்குக் கீழ் என்று குறைத்தார்கள், படிப்புச் சலுகையையும் நீக்கினார்கள். 2017 ஒக்டோபர் 24இல் எல்லை மறுபடி 22க்கு உயர்ந்தது. ஆனால் அது பின்னோக்கிச் செல்லவில்லை. இடையிலுள்ள மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் விழுந்த பெரும்பாலான குடும்பங்களுக்குப் பழைய 19தான்.

இலங்கைப் பிள்ளை உயர்தரப் பரீட்சையை எழுதி முடிக்கும் வயது அது. பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று பார்த்திருந்தபோதே கனடாச் சட்டம் அந்தப் பிள்ளையைத் தனியாள் என்று வரையறுத்துவிட்டது. தாயும் தம்பி தங்கையும் போகலாம், மூத்தவர் போக முடியாது. தாய் போகாமல் நின்றுகொள்வதா, பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டுப் போவதா என்ற தீர்மானத்தை எடுக்க வேண்டியிருந்தது. அப்படி நின்ற பிள்ளைகளில் பெண்பிள்ளை என்றால் அவசரக் கல்யாணம் பேசப்படுவதும், ஆண்பிள்ளை என்றால் ஏஜென்சியைத் தேடுவதும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்த தொடர்ச்சி. ஒட்டாவாவில் ஒரு இலக்கம் மாறியதன் விளைவு இவை.

திருமணத்துக்கும் அளவுகோல் உண்டு. பிரித்தானியாவில் வாழ்க்கைத்துணையைக் கூப்பிடுபவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண் இருக்க வேண்டும் என்பது 2012இன் விதி. 2024 ஏப்ரல் 11இல் அது 29,000 ஆனது. கடையிலும் களஞ்சியசாலையிலும் வேலை செய்யும் மாப்பிள்ளை பலருக்கு ஒரே நாளில் தகுதி போனது. ஜெர்மனி 2007 முதல் வாழ்க்கைத்துணை புறப்படும் முன்பே அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் கல்யாணம் முடித்த கையோடு கிளிநொச்சியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்து, ஏ1 பரீட்சைக்குப் படிப்பவர்களைக் காணலாம். சோதனை கொழும்பு 7இலுள்ள கோதே நிறுவனத்தில் நடக்கும். பள்ளிக்கூடத்தைப் போரில் பாதியில் விட்ட பெண்ணுக்கு அந்தச் சோதனை எவ்வளவு பெரிய மலை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

திறந்து சாத்திய கதவுகள்

2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐ நெருங்கியது. அந்த ஆண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். அதே காலத்தில் மேற்கு நாடுகளில் ஆள் பற்றாக்குறை. பிரித்தானியா 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கு வீசா வழி திறந்தது. கனடா 2023இல் தேங்கிக் கிடந்த வருகை வீசா விண்ணப்பங்களைத் தீர்ப்பதற்காக, திரும்பி வருவேன் என்று நிரூபிக்கும் நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. "விசிட்டர் அடிச்சிட்டு" என்ற பேச்சு யாழ்ப்பாணத்திலும் வெள்ளவத்தையிலும் வீட்டுக்கு வீடு கேட்டது அப்போதுதான். வேலையை விட்டார்கள், காணியை ஈடு வைத்தார்கள், நகையைச் செட்டியார் தெருவில் விற்றார்கள்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கனடாவின் தளர்வு 2023 முடிவோடு போனது. மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 2024 ஜனவரி 1 முதல் 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆனது. அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்களும், மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளரும் குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாமல் போயிற்று. 2025 ஜூலை 22இல் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதே நின்றது.

வருகை வீசாவில் போய்ப் புகலிடம் கோரியவர்களுக்கு மேல் இன்னுமொரு கத்தி தொங்கத் தொடங்கியது. கனடாவில் 2025 ஜூனில் முன்வைக்கப்பட்ட சட்டமூலமும், ஒக்டோபரில் வந்த அடுத்ததும், 2020 ஜூன் 24க்குப் பிறகு நாட்டுக்குள் வந்தவர் ஓராண்டு கடந்து புகலிடம் கேட்டால் அந்தக் கோரிக்கை அகதிகள் சபைக்குப் போகாது என்றன. 2025 நவம்பரில் பிரித்தானியா, அகதி அந்தஸ்து 30 மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும், நிரந்தரமாகத் தங்க 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற திட்டத்தை அறிவித்தது.

ஒரு அரசு தன் கொள்கையை மாற்ற உரிமையுடையது. ஆனால் பழைய விதியை நம்பி வீட்டை ஈடு வைத்தவருக்கு அது எந்த இடைக்கால ஏற்பாடும் தருவதில்லை. கடன் மட்டும் பழைய திகதியிலேயே வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் தாய்மாருக்கு இடையூறு சொந்த நாட்டின் விதியாக இருந்தது. 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் போகக் கூடாது என்றது. பணியகத்தில் பதியாமல் வருகை வீசாவில் பறப்பது பலருக்கு வழியானது. பதியாமல் போனவருக்குக் காப்புறுதியோ ஒப்பந்தப் பாதுகாப்போ கிடையாது. 2022இல் அரசு விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டு நவம்பரில், வருகை வீசாவில் ஓமானுக்குக் கொண்டுபோய் விற்கப்பட்ட பெண்களின் துயரம் வெளிச்சத்துக்கு வந்தது.

> பெட்டிச் செய்தி: 45ஆம் பிரிவு
>
> 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத வழியில் நாட்டைவிட்டுப் போவது குற்றம். அவுஸ்திரேலியாவிலிருந்து திருப்பியனுப்பப்பட்டவர்கள் கட்டுநாயக்கவில் விசாரிக்கப்பட்டு நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவது இதன் கீழ்தான். பெரும்பாலும் தண்டப்பணத்தோடு முடியும். ஆனால் வாரக்கணக்கில் நடக்கும் வழக்குக்காகக் குடும்பம் கொழும்பில் தங்க வேண்டும்.

திரும்பி வருபவருக்கும் வழக்கு

இந்தியாவில் இலங்கைத் தமிழர் நாற்பது ஆண்டுகளாக அகதிகள். தமிழக முகாம்களில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றும் இடம்பெற்றன, இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டெம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களைக் கடவுச்சீட்டு, வீசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. 2022இன் பசியில் தனுஷ்கோடிக்குப் படகேறியவர்கள் அந்தத் திகதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

திரும்பி வருவோம் என்று தீர்மானித்தவரையும் 45ஆம் பிரிவு எதிர்கொள்கிறது. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் சென்னையிலிருந்து பலாலிக்கு வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்னொரு காலம் சட்டவிரோதமாக நாட்டைவிட்டுப் போனார் என்பதற்காக விமான நிலையத்திலேயே கைதுசெய்யப்பட்டார். குண்டுமழைக்குள் படகேறியவரிடம் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் எது என்று கேட்பது நீதியாகாது.

இலங்கைக்கு வந்த அகதிகள்

இந்தக் கணக்கில் இலங்கை மறுபக்கத்திலும் நிற்கிறது. 1951இன் அகதிகள் சாசனத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. உள்நாட்டில் அகதிச் சட்டமும் கிடையாது. 2014இல் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த புகலிடக் கோரிக்கையாளர்கள் கைதுசெய்யப்பட்டு, அவர்களில் பலர் நாடுகடத்தப்பட்டார்கள். 2017 செப்டெம்பரில் வெள்ளவத்தையிலிருந்து சில நிமிடத் தூரத்திலுள்ள கல்கிசையில் 31 ரோஹிங்யாக்கள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குமார் தலைமையில் ஒரு கும்பல் சுற்றிவளைத்தது. உள்ளேயிருந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். பாதுகாப்புக்கென்று அவர்கள் பூஸா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனை தன் உறவுகளை இழந்தது. அதன் எதிரொலியாக நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட நூற்றுக்கணக்கானோர் பாகிஸ்தானிய அஹ்மதியாக்களும் ஆப்கானியரும். தீவிரவாதத்துக்கு அஞ்சித் தங்கள் நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் தஞ்சமடைந்தார்கள்.

2024 டிசெம்பர் 19இல் மியன்மாரிலிருந்து 115 பேருடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. ஊர் மக்கள் சாப்பாடு கொடுத்தார்கள். அரசு படகோட்டிகள் என்று சொல்லி 12 பேரை விளக்கமறியலில் வைத்தது, மற்றவர்களை விமானப்படை முகாமுக்கு அனுப்பியது. அவர்களை அகதிகள் என்று விசாரித்து ஏற்பதற்கோ மறுப்பதற்கோ இந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வாசகமும் இல்லை.

இரண்டு திருத்தங்கள் உடனடியாகத் தேவை. அகதி யார் என்று வரையறுத்து, விசாரணையின்றித் திருப்பியனுப்புவதைத் தடுக்கும் ஒரு சட்டம் வேண்டும். போர்க்காலத்தில் வெளியேறித் திரும்பி வருபவருக்கு 45ஆம் பிரிவிலிருந்து விலக்கு வேண்டும். கொழும்பிலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெரிவான தமிழ் உறுப்பினர்கள் இவற்றைத் தனிநபர் சட்டமூலமாகவேனும் நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக மற்றவர் நாட்டுக் கதவுகளைத் தட்டிய மக்களின் பிரதிநிதிகள் அதைச் செய்யாவிட்டால் இந்நாட்டில் வேறு எவரும் செய்யப்போவதில்லை.